ஓடக்காரி வழக்கு

மருந்துக் கடையின் பின்னறையில் ஞாயிறு மதியம் எல்லோருக்கும் நியாயம் கிடைக்கும். மாஸ்டரின் மனைவிக்கு மட்டும் சட்டம் கிடைக்கும்.

அறை ஒன்றும் பெரிய அறை இல்லை. மூன்று சுவரையும் மறைத்து இருமல் மருந்துப் பெட்டிகள், நான்காவது சுவரோரம் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் குளிர்பெட்டி, நடுவே ஒரு மடக்கு மேசை. நாற்காலி மொத்தமே இரண்டு. ஒன்று கடைக்காரருக்கு, கடை அவருடையது என்பதால். இன்னொன்று மாஸ்டருக்கு, அவர் மாஸ்டர் என்பதால். மற்றவர்கள் அட்டைப்பெட்டிமேல்தான் உட்கார வேண்டும். பஞ்சுப் பெட்டி மெத்தென்று இருக்கும், அதில் மாஸ்டரின் தம்பி. மாத்திரைப் பெட்டி சுமாராக இருக்கும். அதில் ஆடிட்டர் அம்மா. ஊசிக்குழாய்ப் பெட்டி உட்காருகிற இடத்தில் குத்தும். அது யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆட்டம் என்றதும் சீட்டு, சதுரங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிப்பவரும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், அவர்தான் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் வாழ்வார்கள். "எதிர்ல ஒரு மதில் இருக்கு" என்று மாஸ்டர் சொன்னால், "நான் ஏறறேன்" என்று ஒருவர் சொல்வார். ஏறினாரா, விழுந்து இடுப்பு ஒடிந்ததா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். எதற்கு எவ்வளவு விழ வேண்டும் என்பதைத் தலையணை மாதிரி தடித்த ஒரு விதிப் புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்லாததை மாஸ்டர் சொல்வார். புத்தகம் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதையும் மாஸ்டர்தான் சொல்வார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் மாஸ்டர்தான்.

சரி, அவர் கெட்ட மாஸ்டரா? சத்தியமாக இல்லை. தங்கமான மனுஷன். அவருடைய தம்பி, அதாவது நம்மவளின் கொழுந்தன், லிப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறான், கதைக்குள் வாள்வீரன். போன மாதம் அந்த வாள்வீரன் மாளிகை உச்சியிலிருந்து, தோளுக்கொரு தங்க மூட்டையோடு, ஓடுகிற குதிரை வண்டிக்குள் குதித்தான். புத்தகப்படி கால் எலும்பு மாவாகியிருக்க வேண்டும். "வண்டியில வைக்கோல் இருந்ததுன்னு வெச்சுக்குவோம்" என்றார் மாஸ்டர். அதுவரைக்கும் அந்தக் கதையில் வைக்கோலும் இல்லை, வைக்கோல் தின்கிற மாடும் இல்லை. கடைக்காரருடைய மந்திரவாதி ஒரு சண்டையில் மந்திரத்தையும் சொல்லிக்கொண்டு மருந்தையும் குடித்தார். வாய் ஒன்று, வேலை இரண்டு. "நடுவுல மூச்சு விடுவாரில்ல, அப்போ குடிச்சிருப்பார்" என்றார் மாஸ்டர். ஆடிட்டர் அம்மாவின் துறவி உருட்டிய பகடை மேசையை விட்டுத் துள்ளிக் குளிர்பெட்டிக்கு அடியில் போனது. "கண்ணுக்குத் தெரியாதது கணக்கில்லை, இன்னொரு தரம் உருட்டுங்க மேடம்" என்றார் மாஸ்டர். அவ்வளவு தாராளம்.

இப்போது அவளைப் பாருங்கள். அவளுடைய பாத்திரம் ஓர் ஓடக்காரி. பிறந்ததிலிருந்து ஆற்றில் படகு விடுகிறவள். அந்த ஓடக்காரி ஒரு நாள் தன் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"உருட்டு" என்றார் மாஸ்டர்.

"கயிறு அவிழ்க்கவா?"

"புத்தகத்துல படகுப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு, முடிச்சுப் பயிற்சின்னு தனியா ஒண்ணு இருக்கு. நீ முதலாவது மட்டும்தான் எடுத்திருக்கே."

"படகு விடறவளுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாதாங்க?"

"அது உன் ஊகம். புத்தகத்துல இல்லை."

உருட்டினாள். அன்றைக்குப் பார்த்துப் பகடையும் பழி வாங்கியது. ஓடக்காரி தன் கயிற்றைத் தானே அவிழ்க்கத் தெரியாமல் கரையில் முழித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கொழுந்தனின் வாள்வீரன் ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தான். அதற்கு மாஸ்டர் உருட்டச் சொல்லவே இல்லை.

இதற்கெல்லாம் காரணம் வெறுப்பு என்று நினைத்தால் தப்பு. காரணம் நேர்மை. அதுதான் கொடுமை. "என் பொண்டாட்டிங்கிறதால சலுகை காட்டினேன்னு நாளைக்கு ஒருத்தன் நாக்குமேல பல்லைப் போட்டுச் சொல்லிடக் கூடாது" என்பார். தம்பிக்குக் காட்டுகிற சலுகை? "அவன் சின்னப் பையன். அதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க." சின்னப் பையனுக்கு முன்மண்டை வழுக்கை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது.

மாஸ்டருக்கு வேலை, ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில். வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, தேறினாரா இல்லையா என்று எழுதுகிற வேலை. அவள் உரிமம் வாங்கப் போனபோது, சொந்த மனைவியைத் தானே சோதிக்கக் கூடாது என்று சகஊழியரிடம் ஒப்படைத்தார். அதோடு விட்டாரா? "என் வீட்டுக்காரின்னு பார்க்காதீங்க, கொஞ்சம் கடுமையாவே பாருங்க" என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார். அந்த மனுஷன் பயந்துபோய், கண்ணாடியைச் சரிசெய்ய அதிக நேரம் எடுத்துக்கொண்டாள் என்று எழுதித் தோற்கடித்தார். அடுத்த முறை அவள் கண்ணாடியைத் தொடவே இல்லை. கண்ணாடியைச் சரிசெய்யவில்லை என்று தோற்கடித்தார். அவள் இன்றைக்கும் வேலைக்குப் பஸ்ஸில்தான் போகிறாள். கீழ்வீட்டுக்காரர் வந்து, உங்கள் குளியலறைத் தண்ணீர் எங்கள் சுவரில் இறங்குகிறது என்றபோதும் இதே கதைதான். குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல், "என் வீட்டுக்காரிமேலதான் தப்பா இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒழுகியது கீழ்வீட்டுக் குழாய்.

அப்படியானால் எதற்கு வாராவாரம் வந்து ஊசிக்குழாய்ப் பெட்டிமேல் உட்காருகிறாள்? நல்ல கேள்வி. அவள் அம்மாகூடத் தொலைபேசியில் அதைத்தான் கேட்பாள். பதில், ஓடக்காரி.

வாரம் முழுக்க அவள் ஒரு பல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சில் மெழுகு வார்த்து, பல் அடுக்கி, ராவி, மெருகேற்றி, யார் யாருடைய வாய்க்கோ பல் செட் செய்து கொடுப்பாள். எல்லாம் அடுத்தவர் அளவு. அடுத்தவர் நிறம். அடுத்தவர் கடி. அவள் தன் இஷ்டத்துக்குச் செய்த ஒரே ஆள் ஓடக்காரிதான். நான்கு வருஷத்துக்கு முன்னால், முதல் ஆட்டத்தன்றே, ஓடக்காரிக்கு என்ன ஆசை என்று மாஸ்டர் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கொழுந்தன் தங்கம் என்றான். கடைக்காரர் சாகாவரம் என்றார். ஆடிட்டர் அம்மா மன நிம்மதி என்றார்கள். அவள், "ஓடக்காரி கடலைப் பார்த்ததே இல்லை. ஒரு தடவை பார்க்கணும்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்ன நாளிலிருந்து அந்த ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஓடக்காரி நினைப்புத்தான். இப்போது கதையில் கடல் ஒரே ஒரு நாள் தூரத்தில் இருந்தது.

அந்த ஞாயிறு, ஆற்றில் வெள்ளம். நான்கு பேரும் ஓடக்காரியின் படகில் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள்தான் துடுப்பு. மற்ற மூவரும் சுகமாகச் சாய்ந்துகொண்டு, அக்கரையில் இருக்கிற புதையலை எப்படிப் பிரிப்பது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நட்டாற்றில் ஓர் ஆற்றுப் பாம்பு தலை தூக்கி, ஓடக்காரியின் மணிக்கட்டில் ஒரு போடு போட்டது.

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். முகத்தில் வருத்தம் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. "கடிபட்டவர் தன்னோட அடுத்த முறை முடியறதுக்குள்ள மாற்று மருந்து குடிக்கணும். இல்லேன்னா மரணம்" என்று படித்தார்.

அவளுக்கு உடனே நினைவு வந்தது. "என் பையிலேயே மாற்று மருந்து இருக்கே! சந்தையில வாங்கினேனே. என் முறை வந்ததும் குடிக்கிறேன்."

"ஒரு முறைக்கு ஒரு வேலைதான். துடுப்பை விடறது ஒரு வேலை. பையைத் திறக்கிறது ஒரு வேலை. குடிக்கிறது ஒரு வேலை. மூணு வேலை ஆகுது."

"அன்னிக்கு மந்திரவாதி மந்திரம் சொல்லிக்கிட்டே குடிச்சாரே?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அவர் மந்திரவாதி."

"மந்திரவாதிங்கிறதால வேறயா, உங்க பொண்டாட்டி இல்லைங்கிறதால வேறயா?"

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். கொழுந்தன் பஞ்சுப் பெட்டியில் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தான். புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். ஆடிட்டர் அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அவர்கள் கண்ணாடியைத் துடைத்தால் ஒரு விதி வரப் போகிறது என்று அர்த்தம்.

"நான் ஒண்ணு சொல்றேன், யாரும் தப்பா நினைக்காதீங்க. சொந்தக்காரங்க விஷயத்துல ஒருத்தர் தீர்ப்புச் சொல்றதே முறையில்லை. எங்க தொழில்ல சொந்தத் தம்பி கம்பெனிக் கணக்கை நாங்க தொடவே கூடாது. மாஸ்டர் சார் இந்த விஷயத்துல விலகிக்கணும். நாங்க மூணு பேரும் ஒரு குழுவா இருந்து முடிவு பண்றோம்."

மாஸ்டரின் முகம் பளிச்சென்று ஆனது. நேர்மையாக இருக்க இவ்வளவு நாளும் தலைகீழாக நின்ற மனுஷனுக்கு, அதைவிட நேர்மையான ஒன்று கையில் கிடைத்துவிட்டது. "ரொம்பச் சரி மேடம். இதை நான் முதல் நாளே செஞ்சிருக்கணும். இவ விஷயத்துல இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். முழுசா விலகிக்கிறேன்" என்று சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருமல் மருந்துப் பெட்டிகளைப் பார்த்து உட்கார்ந்தார்.

விசாரணை தொடங்கியது. என்னமாய்த் தொடங்கியது என்கிறீர்கள்! இத்தனை வருஷம் விதி என்றாலே கொட்டாவி விட்ட கொழுந்தன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முன்னாடி மாஸ்டர் என்ன சொல்லியிருக்கார்னு பார்ப்போம்" என்றார் கடைக்காரர். "கயிறு விஷயத்துல, பழக்கம் வேற பயிற்சி வேறன்னு சொன்னார். அப்போ கை பழக்கத்துல பையைச் சட்டுனு திறந்துட்டேன்னு இவங்க சொல்ல முடியாது."

"கரெக்ட்" என்றான் கொழுந்தன். "அப்புறம் அந்தக் குகையில, அண்ணி ஒரு கையில விளக்கு வெச்சிருந்தாங்க, இன்னொரு கையால கதவு திறக்கப் போனாங்க. விளக்கைக் கீழ வெச்சாத்தான் திறக்கலாம்னு அண்ணன் சொன்னார். ஞாபகம் இருக்கா அண்ணி?"

அண்ணிக்கு ஞாபகம் இருந்தது. எல்லாமே ஞாபகம் இருந்தது. தனித்தனியாக நடந்தபோது, போனால் போகிறது, விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்ட ஒவ்வொன்றையும் இப்போது மூன்று பேர் மாறி மாறி எடுத்து மேசைமேல் வைத்தார்கள். கயிறு, விளக்கு, குதிரை, ஏணி. மந்திரவாதிக்கும் வாள்வீரனுக்கும் காட்டிய தாராளம் ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. அவள் கேட்டதற்கு ஆடிட்டர் அம்மா, "அதெல்லாம் அந்தந்த நேரத்துச் சலுகை. சலுகையை விதியா எடுத்துக்க முடியாது. இவங்க விஷயத்துல மட்டும்தான் மாஸ்டர் எப்பவும் விதிப்படி நடந்திருக்கார், அதனால அதுதான் செல்லும்" என்று விளக்கினார்கள். அதில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அவ்வளவு சுத்தமான அநியாயம்.

"ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன்" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "ஒருவேளை அப்படி ஏதாவது ஆயிட்டா, ஓடக்காரியோட அந்த முத்துக் கத்தி..."

"கத்தின்னா வாள்வீரனுக்குத்தானே சார் வரணும்? நீங்க வேணும்னா அந்த மழைப் போர்வையை எடுத்துக்கங்க."

"துறவிக்குப் பற்று கிடையாது" என்றார்கள் ஆடிட்டர் அம்மா. "படகு மட்டும் போதும்."

அவளுக்குக் கண் எரிந்தது. இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அழுகை வந்தது. மூன்று பேரையும் விட்டுவிட்டு, திரும்பி உட்கார்ந்திருந்தவரின் பின்கழுத்தைப் பார்த்தாள். காலையில் அவள்தான் அந்தச் சட்டைக் காலரை மடித்துவிட்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? 'பாவம், விடுங்கப்பா' என்று, கீழ்வீட்டுக்காரருக்குப் பரிந்து பேசிய அளவுக்காவது?

"நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"நான் பேசக் கூடாது" என்றார் மாஸ்டர், இருமல் மருந்திடம். ஆனால் அவருக்கும் மனசு கேட்கவில்லை. மனைவியின் குரல் உடைந்திருந்தது அவருக்கும் காதில் விழுந்திருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். சொன்னார். "ஆனா ஒண்ணு, நானா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதனால குழுமேல கோபப்படாதே."

அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோனது. அழுகை அப்படியே உள்ளே போய்விட்டது. இனி இவர் தன் பக்கம் வரவே மாட்டார், தானே தன் பக்கம் இருந்தால்தான் உண்டு என்று முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததும் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஏகமனதாக முடிவு" என்றார்கள் ஆடிட்டர் அம்மா. "ஒரு முறைக்கு ஒரு வேலை. ஓடக்காரி மருந்து குடிக்க முடியாது. ரொம்ப வருத்தம்மா."

"பரவாயில்லை மேடம். தீர்ப்புன்னா தீர்ப்புத்தான்" என்றாள் அவள். குரல் நிதானமாக இருந்தது. "இப்போ என் முறைதானே? எனக்கு ஒரு வேலை இருக்கு இல்ல? துடுப்பை எடுத்து படகுக்குள்ள வெச்சிடறேன்."

"எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"சாகப் போறவ எதுக்கு சார் துடுப்புப் போடணும்? அவ்வளவுதான், என் முறை முடியப் போகுது. அடுத்தது யாரு?"

"நான்தான்" என்றார் கடைக்காரர் உற்சாகமாக. "என் மந்திரவாதி மழைப் போர்வையை..."

"மந்திரவாதி இப்போ எங்க இருக்கார்?"

"படகுல."

"படகு எங்க இருக்கு?"

"நட்டாத்துல."

"யார் ஓட்டறாங்க?"

கடைக்காரர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் ஆடிட்டர் அம்மாவைப் பார்த்தான். ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்கள். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"வெள்ளம்" என்றாள் அவள். "பாம்பு வேற பக்கத்துலயே இருக்கு. உங்கள்ல யாராவது படகுப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?"

யார் எடுத்தார்கள்? நான்கு வருஷமாக ஆறு வந்தால் ஓடக்காரி இருக்கிறாள் என்று, ஒருத்தர் வாள் பயிற்சி எடுத்தார், ஒருத்தர் மந்திரம், ஒருத்தர் தியானம்.

"நாமளே தள்ளிக்கிட்டுப் போயிடலாமே" என்றான் கொழுந்தன். "துடுப்புப் போடறது என்ன பெரிய வித்தையா? ஒரு பழக்கத்துல..."

"பழக்கம் வேற, பயிற்சி வேற. இப்போதானே சொன்னீங்க? பிறந்ததுல இருந்து படகு விடறவளுக்கே முடிச்சு அவிழ்க்க உருட்டணும். துடுப்பையே தொடாதவனுக்கு வெள்ளத்துல எத்தனை தடவை உருட்டணும்? மேடம், நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

ஆடிட்டர் அம்மா மனக்கணக்காகப் போட்டார்கள். போட்ட கணக்கின் விடையைச் சொல்லவில்லை. அவர்கள் முகமே சொன்னது.

பாருங்கள், அதற்கப்புறம் அந்த மூன்று பேருக்கும் வந்த சட்ட ஞானத்தை!

"ஒரு நிமிஷம்" என்றார் கடைக்காரர். "நான் இருபது வருஷமா மருந்து விக்கிறேன். புட்டியைத் திறக்கிறதை எவனாவது தனி வேலைன்னு சொல்வானா? திறந்தாத்தானே குடிக்க முடியும்? குடிக்கிறதுன்னாலே அதுல திறக்கிறதும் அடக்கம்."

"பையே வேணாம் சார்" என்றான் கொழுந்தன். "அண்ணி மருந்தை இடுப்புல செருகியிருந்தாங்கன்னு வெச்சுக்குவோம். நான்கூடப் பார்த்த மாதிரி இருக்கு."

"துடுப்பை உள்ள வெச்சதை என்ன பண்றது?" என்று கடைக்காரர் கவலைப்பட்டார்.

ஆடிட்டர் அம்மா புத்தகத்தை எடுத்தார்கள். முதல் பக்கத்தைத் திறந்தார்கள். "முன்னுரையில ஒரு வரி இருக்கு. இந்த ஆட்டம் எல்லோரும் மகிழ்ச்சியா இருக்கிறதுக்காகன்னு. முன்னுரைதான் புத்தகத்தோட நோக்கம். நோக்கத்துக்கு விரோதமா எந்த விதியையும் படிக்கக் கூடாது. துடுப்பை வெச்சது வேலையே இல்லை, அது ஒரு அசைவு. ஓடக்காரி மருந்து குடிக்கலாம். குடிச்சே ஆகணும்."

"இது அப்பட்டமான சலுகை!" என்று இருமல் மருந்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மாஸ்டர் பாதி திரும்பியிருந்தார். நிஜமாகவே பதறிப்போயிருந்தார். "என் பொண்டாட்டிக்காக விதியை வளைக்கிறீங்க. நாளைக்கு எல்லாரும் என்ன சொல்வாங்க?"

"நீங்க விலகிட்டீங்க அண்ணா. பேசாம உட்காருங்க" என்றான் தம்பி. இதுவரை அண்ணனை அதட்டியதே இல்லை. நட்டாற்றில் மாட்டினால் எல்லாம் வரும்.

"குழுத் தீர்ப்புல தலையிடாதீங்க சார்" என்றார்கள் ஆடிட்டர் அம்மா.

ஓடக்காரி மருந்தைக் குடித்தாள். துடுப்பை எடுத்தாள். பாம்பு ஒரு தரம் சுற்றி வந்தது. கொழுந்தன் வாளை ஓங்க, பகடை நன்றாக விழ, பாம்பு மூழ்கிப் போனது. படகு அக்கரையில் முட்டியது. மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு கரையில் இறங்கினார்கள். இறங்கியதும் மூச்சு வந்தது, மூச்சு வந்ததும் புதையல் ஞாபகம் வந்தது.

"வாங்க அண்ணி, போகலாம். புதையல்ல முதல் பங்கு உங்களுக்குத்தான்" என்றான் கொழுந்தன், தாராளமாக.

"நான் இறங்கலை" என்றாள் அவள்.

"என்னது?"

"ஓடக்காரி கரையில துடுப்பை ஊன்றி ஒரு தள்ளு தள்ளறா. படகு திரும்புது. அவ கடலுக்குப் போறா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

மாஸ்டரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நாற்காலியை முழுசாகத் திருப்பிவிட்டார். "அதெப்படி நீ பாட்டுக்குப் போவே? கடல் ஒரு நாள் தூரம். வழியில சுழல் இருக்கு, முதலை இருக்கு. என்ன இருக்குன்னு நான்தான் சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் உருட்டணும்."

"நீங்கதான் விலகிட்டீங்களே" என்றாள் அவள்.

"அது... அது அந்த மருந்து விஷயத்துக்கு."

"இவ விஷயத்துல இனிமே வாயே திறக்க மாட்டேன், முழுசா விலகிக்கிறேன்னு சொன்னீங்க. நான் கேட்டேன், இவங்க மூணு பேரும் கேட்டாங்க."

மாஸ்டர் மற்றவர்களைப் பார்த்தார். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். ஆடிட்டர் அம்மாவுக்கு இப்போது ஓடக்காரியும் தேவையில்லை, படகும் தேவையில்லை, கரை சேர்ந்தாகிவிட்டது. ஆனாலும் ஒரு சிக்கலான விதி கண்ணில் பட்டுவிட்டால் அதைத் தீர்க்காமல் அவர்களால் வீட்டுக்குப் போக முடியாது.

"இப்படித்தான் வருது" என்றார்கள், மெதுவாக. "மாஸ்டர் விலகியாச்சு. அவர் சொல்ல முடியாது. குழு சொல்லணும். ஆனா குழுவுல இருக்கிற மூணு பேரும் கரையில நிக்கறோம். படகு போயாச்சு. அங்க என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரியாத விஷயத்துல நாங்க தீர்ப்புச் சொல்ல முடியாது." எங்கே போய் முடியப் போகிறது என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது போல. "மிச்சம் இருக்கிறது ஓடக்காரி ஒருத்திதான். என்ன நடக்குதுன்னு இவங்கதான் சொல்லணும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவளுக்கு இத்தனை நாள் 'நான் இதைச் செய்யறேன்' என்று சொல்லி, செய்யலாமா கூடாதா என்று அடுத்தவர் வாயைப் பார்த்தே பழக்கம். சுழல் இருக்கிறதா? இருக்கிறது என்று அவள் சொன்னால் இருக்கும். இல்லை என்றால் இல்லை. இவ்வளவு பெரிய ஆற்றை அவள் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சொல்ல ஆரம்பித்தாள்.

"சுழல் இருந்தது. ஓடக்காரிக்கு அதெல்லாம் பழக்கம், தாண்டிட்டா. ராத்திரி பூரா படகு தன்னால போச்சு. விடியறப்போ முதல்ல தண்ணி மாறுது. இந்தப் பக்கம் மண் நிறம், அந்தப் பக்கம் பச்சை. நடுவுல கோடு போட்ட மாதிரி இருக்கு. அவ விரலை நனைச்சு நாக்குல வெச்சுப் பார்க்கறா. உப்பு."

கொழுந்தன் பஞ்சுப் பெட்டியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"துடுப்பை ஆழமா விடறா. தரை தட்டலை. ரெண்டு கரையும் விலகி விலகிப் போகுது. அப்புறம் கரையே இல்லை. ஆத்துல எப்பவும் எதிர்க்கரைன்னு ஒண்ணு இருக்கும். யாரையாவது ஏத்திக்கிட்டு அங்க கொண்டுபோய் விடணும். திரும்பி வரணும். பிறந்ததுல இருந்து அவ அதைத்தான் செஞ்சிருக்கா. இங்க எதிர்க்கரையே இல்லை. யாரையும் எங்கயும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை. அவ துடுப்பை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கா."

அவள் நிறுத்தினாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மாஸ்டரின் கை பழக்கத்தில் பகடைப் பக்கம் போனது. போய், நின்று, வெறுங்கையோடு திரும்பி வந்து மடியில் விழுந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பேசுவதை அவர் இப்படி வாய் பிளந்து கேட்டதில்லை. அவர் முகத்தில் நேர்மையும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

"அப்புறம்?" என்றார், மெதுவாக.

அவளுக்குக் கோபம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வளவு சீக்கிரம் தீருவதாகவும் இல்லை.

"அவசரப்படாதீங்க. இப்போதானே வந்திருக்கா" என்றாள். "கொஞ்ச நேரம் பார்க்கட்டும்."

அவர் காத்திருந்தார்.